விசாகப்பட்டினம் நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகம்: குடும்பத்தோடு போனவர்கள் சொல்லுங்களேன்

வடசென்னைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் விசாகப்பட்டினம் போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், மனைவி, நான்காம் வகுப்பு படிக்கும் பையன், யு.கே.ஜி. படிக்கும் பெண், அப்பா, அம்மா. கைலாசகிரி, சிம்மாசலம் எல்லாம் அம்மாவின் பட்டியல். பையனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா. மாமல்லபுரத்தில் ஐ.என்.எஸ். வாக்லி நீர்மூழ்கியை அருங்காட்சியகமாக வைக்கப்போகிறார்கள் என்று முன்பு செய்தி வந்தபோது, நம் ஊரிலேயே பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அது கைகூடாமலே போய்விட்டது.

அப்பாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. வாழ்நாள் முழுக்க லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இயந்திரம் என்றால் பையனைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம். அவரால் உள்ளே போய்வர முடியுமா? சின்னவள் பயப்படுவாளா? உள்ளே பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது? போனவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரயில்பிரியன்:
சென்னை சென்ட்ரலில் சாயங்காலம் ஹவுரா மெயில் ஏறினால் காலையில் விசாகப்பட்டினம். பெரியவர்கள் இருப்பதால் இரவு வண்டிதான் தோது. கோரமண்டல் வேகமான வண்டி, ஆனால் பகல் முழுக்க உட்கார்ந்தே போக வேண்டும். கீழ் பெர்த் வேண்டுமென்றால் இப்போதே போட்டுவிடுங்கள், விடுமுறை நேரத்தில் கிடைக்காது.

கப்பலைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அது நிற்கும் ஆர்.கே. பீச்சில் முரி மிக்ஸர் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். அப்புறம் ஒன்று, பிள்ளைகளை அங்கே கடலில் இறங்க விடாதீர்கள். பார்க்க நம் மெரினா மாதிரி இருந்தாலும் அலை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு வருடமும் அங்கே உயிர்கள் போகின்றன.

உப்புக்காற்று:
இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் அப்பா கடற்படையில் நீர்மூழ்கிப் பிரிவில் இருந்தவர். என் சிறுவயது முழுக்க விசாகப்பட்டினம் கடற்படைக் குடியிருப்பில்தான் கழிந்தது. குர்சுராவில் அவர் வேலை பார்க்கவில்லை, ஆனால் அதே ரகக் கப்பலில் இருந்தார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குர்சுரா சோவியத் நாட்டில் கட்டிய கப்பல். ஃபாக்ஸ்ட்ராட் வகை என்பார்கள். 1969 டிசம்பரில் ரீகா துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது. கல்வரி, கந்தேரி, கரஞ்ச், குர்சுரா என்று முதலில் வந்த நான்கில் இதுதான் கடைசி. 2001 பிப்ரவரியில் ஓய்வு கொடுத்தார்கள். 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 91 மீட்டர் நீளமுள்ள இரும்பைக் கடலிலிருந்து இழுத்து, மணலில் ஏற்றி, இப்போது நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பையனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். மாதிரிக்குச் செய்து வைத்தது என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இது 1971 போரில் ரோந்து போன அதே கப்பல்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். வரிசையாக ஏழு அறைகள். ஒரு முனையில் படியேறி உள்ளே போய் மறுமுனையில் இறங்க வேண்டும். டார்பிடோ என்பது தண்ணீருக்குள் பாய்ந்து போய் எதிரிக் கப்பலில் வெடிக்கும் ஆயுதம். அதை ஏவும் குழாய்கள் முன்னறையில் ஆறு, பின்னறையில் நான்கு. மொத்தம் 22 டார்பிடோக்களைச் சுமந்து போகும். அந்த டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் படுத்துத் தூங்குவார்கள், அதற்கென்று தனி இடம் கிடையாது. எழுபது பேருக்கு மேல் இருந்த கப்பலில் படுக்கை எல்லோருக்கும் போதாது. ஒருவர் எழுந்து வேலைக்குப் போனதும் அந்தச் சூடு ஆறாத படுக்கையில் அடுத்தவர் வந்து படுப்பார். குடிதண்ணீர் அளந்துதான் கிடைக்கும், குளியலைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பா ரோந்து முடிந்து வீட்டுக்கு வந்தால் முதலில் வருவது டீசல் வாசனைதான். அம்மா அவர் துணியை மட்டும் தனியாக ஊறவைப்பாள். இரண்டு மூன்று முறை துவைத்தாலும் அந்த வாசனை போகாது. எங்களுக்கு அதுதான் அப்பா வந்துவிட்டார் என்பதற்கு அடையாளம்.

வழிகாட்டிகளாக இருப்பவர்கள் ஓய்வுபெற்ற கடற்படை வீரர்கள். இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறெந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது. பலகையைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள், அவர்களிடம் கேளுங்கள். கேட்டால் உற்சாகமாகச் சொல்வார்கள்.

உங்கள் அப்பாவுக்கு: படி ஏற வேண்டும், உள்ளே வழி குறுகல், ஒரு அறையிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடங்களில் குனிந்து காலைத் தூக்கி வைக்க வேண்டும். நடுவில் திரும்பி வருவது சிரமம், பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மெதுவாகப் படியேற முடியும் என்றால் போகலாம். முழங்கால் மடங்கவே மடங்காது என்றால் வேண்டாம்.

வடசென்னைவாசி:
ரொம்ப நன்றி அக்கா. படித்துவிட்டு அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "எஞ்சின் எத்தனை, எப்படி ஓடுது, தண்ணிக்குள்ள காத்து இல்லாம டீசல் எப்படி எரியும்?" இதற்கு யாராவது பதில் சொல்ல முடியுமா?

பாய்லர்பட்டறை:
உங்கள் அப்பா சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். தண்ணீருக்கடியில் டீசல் எரியாது. அதனால்தான் இது டீசல்-மின்சாரக் கப்பல். மூன்று டீசல் எஞ்சின், மூன்று மின்மோட்டார், கப்பலைத் தள்ளும் மூன்று சுழலி (ப்ரொப்பெல்லர்). மேலே மிதக்கும்போது டீசல் ஓடும், பேட்டரிகளும் சார்ஜ் ஆகும். மூழ்கியதும் டீசலை நிறுத்திவிட்டு பேட்டரியில் ஓடும். முழுக்க மேலே வராமல், ஒரு குழாயை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக் காற்றை இழுத்து டீசலை ஓட்டவும் முடியும். அதற்கு ஸ்னார்க்கல் என்று பெயர்.

மூழ்குவதும் எழுவதும் இன்னும் எளிமையான சங்கதி. நாம் உள்ளே நடந்துபோகும் உருளையைச் சுற்றி வெளியே இன்னொரு ஓடு உண்டு. இரண்டுக்கும் நடுவில் தொட்டிகள். அவற்றில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் இறங்கும். அழுத்தி வைத்த காற்றை உள்ளே விட்டுத் தண்ணீரை வெளியே தள்ளினால் ஏறும். பையனுக்குப் புரியவைக்க ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலும் பக்கெட் தண்ணீரும் போதும், கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்து காட்டிவிடுங்கள்.

எஞ்சின் அறைக்கு வந்ததும் அப்பாவைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். மூன்று எஞ்சினும் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவை மூன்றும் ஓடும்போது அந்தச் சந்தில் நின்று வேலை பார்த்தவர்களை நினைத்தால் பட்டறையில் வேலை பார்த்த யாருக்கும் மரியாதை வரும். பேட்டரி பற்றி இன்னொன்று. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். அது உள்ளே சேர்ந்தால் ஒரு தீப்பொறி போதும். அதனால் காற்றை வெளியேற்றுவது இந்த வகைக் கப்பலில் உயிர்ப் பிரச்சினை.

வெண்சங்கு:
நான் ஒரு பள்ளி ஆசிரியை. எல்லோரும் ஆர்வமாகப் பேசும்போது குறுக்கிடுவதாக நினைக்க வேண்டாம், ஆனால் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளை அங்கே சுற்றுலா அழைத்துப்போனபோது டார்பிடோ முன்னால் நின்று படம் எடுக்கத்தான் எல்லோருக்கும் அவசரம். ஒரு டார்பிடோ வெடித்தால் எத்தனை பேர் சாவார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. போர்க்கருவியை வேடிக்கைப் பொருளாகக் காட்டுவது எனக்கு நெருடுகிறது. கடல் அருங்காட்சியகம் என்றால் மீனவர்கள், படகு கட்டுபவர்கள், வணிகம், கலங்கரை விளக்கம் இவையும் இருக்க வேண்டாமா? கடலோடு நமக்கு இருக்கும் உறவு சண்டை மட்டும்தானா?

உப்புக்காற்று:
டீச்சர், உங்கள் நெருடல் நியாயமானது. நீர்மூழ்கிக்காரன் மகளாக இருந்தும் சொல்கிறேன், எங்கள் வீட்டில் போரைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசியதில்லை. ரோந்து போனவர் திரும்பி வரும்வரை அம்மா எப்படி இருப்பாள் என்று பார்த்து வளர்ந்தவள் நான்.

அதனால்தான் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறேன். அதே கடற்கரைச் சாலையில் 1971 வெற்றி நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லுங்கள். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்கு வந்தது, விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி. விக்ராந்த் அந்தமான் பக்கம் போய்விட்டிருந்தது. ராஜ்புத் என்ற பழைய கப்பல், தானே விக்ராந்த் என்பதுபோல் வயர்லெஸ் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. டிசம்பர் 3 கழிந்த அந்த நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு அருகே காஸி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டுகள் என்று நம் கடற்படை சொல்கிறது. தாங்களே விதைத்த கண்ணிவெடி என்று பாகிஸ்தான் சொல்கிறது. மிதந்து வந்த பொருட்களை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். காஸியில் இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்தக் கப்பல் இன்னும் அங்கேதான் கடலடியில் கிடக்கிறது. அப்பா எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போனால் அந்தத் திசையைக் காட்டி, "அவங்களும் எங்கள மாதிரிதான் படுத்திருப்பாங்க, அதே மாதிரி ஒரு பங்க்ல" என்பார். குர்சுராவின் உள்ளே போய் அந்தப் படுக்கையைப் பார்த்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியும். பாடப்புத்தகத்தில் "எதிரிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது" என்று ஒரு வரியாகப் படித்த பிள்ளைக்குப் புரியாது. டார்பிடோ முன்னால் படம் எடுப்பதைத் தடுக்க முடியாது. எடுத்து முடித்ததும் அந்தப் படுக்கையைக் காட்டுங்கள்.

வெண்சங்கு:
அடுத்த முறை அப்படியே செய்கிறேன் அம்மா. கண்கள் கலங்கிவிட்டன. ஆனால் மீனவர் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவ்வளவு பெரிய மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில், அந்தச் சாலையில் அவர்களுக்கென்று ஒரு கூடம் இருந்தால் என்ன?

உப்புக்காற்று:
அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

அரக்கோணத்தான்:
சாலையின் எதிர்ப்பக்கம் நிற்கும் விமானத்தை யாரும் சொல்லவில்லையே! டி.யு.-142. அது எங்கள் ஊர் விமானம். 1988இல் கோவாவுக்கு வந்து, 1992இல் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்துக்கு மாறியது. மொத்தம் எட்டு விமானங்கள். 2017 மார்ச்சில் ஓய்வு கொடுக்கும்வரை எங்கள் தலைக்கு மேல்தான் பறந்தன. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவன் மறக்க மாட்டான். வகுப்பில் வாத்தியார் பேச்சை நிறுத்திவிட்டு அது போகும்வரை காத்திருப்பார். அப்புறம்தான் பாடம் தொடரும்.

அதில் ஒன்றை விசாகப்பட்டினம் வரை பறக்கவைத்து, இறக்கிப் பிரித்து, கடற்கரையில் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். 2017 டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தார். இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 50 மீட்டர்.

இந்த விமானத்தின் வேலையே நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பதுதான். சோனோபாய் என்று ஒரு குழாய், அதைப் பாராசூட்டில் கடலில் போடுவார்கள். அது மிதந்துகொண்டு, ஒலிவாங்கியைக் கம்பியில் கீழே இறக்கி, தண்ணீருக்குள் கேட்கும் சத்தத்தை ரேடியோ வழியாக விமானத்துக்கு அனுப்பும். அவற்றை அங்கே கூடத்தில் பார்க்கலாம். என் யோசனை: முதலில் கப்பலுக்குள் போங்கள். உள்ளே ஏன் எல்லோரும் சத்தமே போடாமல் இருந்தார்கள் என்று வழிகாட்டி சொல்வார். அப்புறம் எதிர்ப்பக்கம் வந்து அந்தச் சத்தத்தைக் கேட்கக் காத்திருந்த விமானத்தைப் பாருங்கள். ஒளிந்துகொண்டவன், தேடியவன், இரண்டு பேரும் ஒரே சாலையில் நிற்கும் இடம் இது. வரிசை மாறிப் பார்த்தால் பாதி சுவை போய்விடும்.

முழங்கால் வலி உள்ளவருக்கு விமானம் தாராளமாக ஒத்துவரும். உள்ளே ஏறாவிட்டாலும் கீழே நின்று எஞ்சினையும் விசிறியையும் ஆற அமரப் பார்க்கலாம்.

பாய்லர்பட்டறை:
எதிரெதிராகச் சுற்றும் விசிறியின் காரணத்தை அப்பாவுக்குச் சொல்லுங்கள், ரசிப்பார். முன் விசிறி தள்ளும் காற்று முறுக்கிக்கொண்டு போகும். பின்னால் உள்ளது எதிர்ப்பக்கம் சுற்றி அந்த முறுக்கையும் உந்துவிசையாக மாற்றிவிடும். ஒரே எஞ்சினிலிருந்து கிடைப்பது கூடுகிறது.

துறைமுகத்துத் தம்பி:
ஒரு கேள்வி. வாக்லி ஏன் மாமல்லபுரத்துக்கு வரவில்லை? ஆந்திரத்தால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை?

பாய்லர்பட்டறை:
தம்பி, அரசியல் பக்கம் நான் போகவில்லை. வேலையின் கஷ்டத்தை மட்டும் சொல்கிறேன். வாக்லியும் ஃபாக்ஸ்ட்ராட் வகைதான், 2010இல் ஓய்வு பெற்றது. ஓய்வுபெற்ற கப்பல் தானாக ஓடாது, இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். நேராகக் கரைக்குக் கொண்டுவந்து, மணலில் பள்ளம் வெட்டி, அலை அனுமதிக்கும் நேரத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு செலவு முடிந்துவிடாது. உப்புக்காற்றில் இரும்பு சும்மா இருக்குமா? காலாகாலத்துக்கும் சுரண்டி வண்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். விக்ராந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் அவ்வளவு பெயர் வாங்கிய கப்பல். மும்பையில் சில வருடம் அருங்காட்சியகமாக இருந்தது, பராமரிக்க முடியாமல் 2012இல் மூடினார்கள், 2014இல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். குர்சுரா நிலைத்ததற்குக் காரணம், கடற்படையும் அந்த ஊர் வளர்ச்சி ஆணையமும் திறப்பு விழாவோடு கைகழுவாமல் அதைப் பார்த்துக்கொண்டதுதான். 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயல் கரையைக் கடந்ததே அந்த ஊரில்தான். அதற்குப் பிறகும் நிற்கிறது.

நாம் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்பதும் ஒரு வகையில் அதைக் காப்பாற்றுவதுதான்.

நெய்தல்வீடு:
சின்னப் பெண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் மகளையும் கிட்டத்தட்ட அதே வயதில் அழைத்துப்போனோம். உள்ளே ஏசி உண்டு, விளக்கும் உண்டு, மூச்சுமுட்டாது. அவள் பயந்தது பொம்மைகளைப் பார்த்துத்தான். மாலுமிகள் வேலை செய்வதுபோல ஆளுயரப் பொம்மைகளை அங்கங்கே வைத்திருக்கிறார்கள். திடீரென்று பார்த்தால் நிஜ ஆள் மாதிரியே இருக்கும். "உள்ளே பொம்மை மாமாக்கள் இருப்பாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டாகிவிடும். சமையல் செய்யும் சின்ன இடத்தையும் காட்டுங்கள். அத்தனை பேருக்கும் அதிலிருந்துதான் சாப்பாடு என்றதும் என் மாமியார் அங்கேயே நின்றுவிட்டார். அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் ரசம் வைப்பார்களா என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே எல்லாம் வைப்போம் அம்மா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். ஊரே கடற்கரையில் இருக்கும். பின்னால் வரும் கூட்டம் தள்ளிக்கொண்டு போவதில் வழிகாட்டியிடம் பேசவே முடியாது.

வடசென்னைவாசி:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவை நேற்று எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். மெதுவாகப் படி ஏறலாம், முழங்கால் பட்டை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அப்பா உள்ளே வருவதென்று முடிவு செய்துவிட்டார். பாட்டில் சோதனையும் நடந்தது. பையன் அதற்கு அலுமினியத் தாளில் சுழலி செய்து ஒட்டியிருக்கிறான், அப்பாவும் அவனும் சேர்ந்து. காஸி கதையை ரயிலில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

ஹவுரா மெயில் டிக்கெட் கிடைத்துவிட்டது, அப்பா அம்மாவுக்குக் கீழ் பெர்த். ஞாயிறு காலை இறங்கி சிம்மாசலம், திங்கள் காலை பத்து மணிக்கெல்லாம் கப்பல், அப்புறம் விமானம் என்று திட்டம். சரிதானே?

உப்புக்காற்று:
திங்கள்கிழமை குர்சுரா விடுமுறை தம்பி! திங்களன்று கைலாசகிரி போய்விட்டு, செவ்வாய்க்கு மாற்றுங்கள். வார நாளில் காலையில் திறப்பதில்லை, மதியத்துக்கு மேல்தான். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வாக்கில் வாசலில் இருந்தால் கூட்டம் சேர்வதற்குள் உள்ளே போய்விடலாம். கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், விடுமுறைக் காலத்தில் மாற்றுவதுண்டு.

வழிகாட்டியிடம் அப்பாவை முன்னால் நிறுத்தி, பட்டறைக்காரர் என்று சொல்லுங்கள். எஞ்சின் அறையில் அவருக்கென்று கொஞ்சம் கூடுதலாகவே பேசுவார்கள்.

வடசென்னைவாசி:
செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன் அக்கா. திரும்பும் டிக்கெட் புதன் இரவுதான், பிரச்சினை இல்லை. வந்ததும் படங்களோடு எழுதுகிறேன்.